குல்லாவைக் கழற்றிவிட்டேன், அக்கா

மூடுபனியைக் கவ்வாத்துக் கத்தியால் வெட்டி வழி உண்டாக்கியவளே, அப்புத்தளை மலையில் பாதியைக் கூடையில் போட்டு முதுகில் சுமந்தவளே, என் அக்கா ஆரோக்கியம்,

நீ போன இடத்தில் குளிர் இருக்கிறதா தெரியவில்லை. இங்கே அப்படியேதான் இருக்கிறது. போன வாரக் காற்றில் ஸ்டேஷனடிக் கடைக்காரரின் ஆடு பறந்துபோய் பண்டாரவளையில் இறங்கியது என்று சொன்னால் நம்ப மாட்டாய். நம்ப வேண்டாம். இதை மட்டும் நம்பு: நான் குல்லாவைக் கழற்றிவிட்டேன். பட்டப்பகலில், பதுளையில், நாலு பேர் பார்க்க.

கோபப்படாமல் முழுக்கக் கேள்.

துரை வீட்டுப் பழைய ஜெர்சியைப் பிரித்து நீ பின்னித் தந்த பச்சைக் குல்லா அது. உன் விரல்கள் நேராக இருந்த காலத்தில் கடைசியாகப் பின்னியது. என் தலையில் வெள்ளி வெள்ளியாய் உதிர்வதை உலகத்தில் நீ ஒருத்திதான் பார்த்திருந்தாய். உன் முழங்கையில் உதிர்ந்ததை நான் பார்த்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காம்பராக் கதவைச் சாத்திக்கொண்டு நீ என் தலைக்கு எண்ணெய் வைப்பாய், நான் உன் முழங்கைக்கு மருந்து தடவுவேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுத்த அந்தக் கறுப்பு மருந்து நினைவிருக்கிறதா? புதிதாய்த் தார் போட்ட ரோட்டு வாடை. அந்த வாடையை நம்பி வெலிமடை லாரிகள் வழி தவறி நம் லயத்து வீட்டு வரிசைக்குள் வந்தன என்று நான் சொல்ல, நீ சிரித்துச் சிரித்து மருந்து டப்பாவைக் கவிழ்த்தாய்.

"யாரு முன்னாடியும் இதைக் கழட்டாதடா சூசை. எனக்குத்தான் இந்தப் பாடு, உனக்கும் வேணாம்" என்றாய். பீலித் தண்ணீரில் எல்லாரும் குளித்துப் போன பிறகு, கடைசி ஆளாய், முழுக்கைச் சட்டையோடு குளித்தவள் சொன்ன சொல். நான் தட்டவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம், "என் மூளைச் சூடு வெளிய வந்தா மலையில பனியெல்லாம் கலைஞ்சிரும், ரயில் டிரைவருக்கு வேலையில சுவாரஸ்யமே இருக்காது" என்று விளக்கம் கொடுத்தேன். கோயிலுக்குள் குல்லா ஆகாது என்பதால் வாசலிலேயே நின்று பூசை கண்டேன். ஊர் அதைப் பணிவு என்றது. எனக்கும் பணிவுக்கும் என்ன சம்பந்தம், அக்கா?

இனி உன் மகள் கதைக்கு வருகிறேன். ஸ்டெல்லா இப்போது பதுளையில் ஒரு பேக்கரியில் கேக்குக்குப் பூ வைக்கிறாள். அவள் வைத்த ரோஜாவில் தேனீ உட்கார்ந்து ஏமாந்து பேக்கரிக்காரர்மேல் வழக்குப் போட்ட கதையைப் பிறகு எழுதுகிறேன். மொனராகலைப் பையன் ஒருவனோடு கல்யாணமும் பேசியாகிவிட்டது. தன் கல்யாணக் கேக்குக்குத் தானே பூ வைப்பேன் என்றிருந்தாள். அப்போதுதான் ஒரு நாள் கையை நீட்டினாள்.

"மாமா, காலையில விரலு மடங்கவே மாட்டேங்குது. ரோஜா போட்டா முட்டைக்கோவா வருது."

நடுவிரல் முழுசாய் வீங்கிக் கதலிப்பழம் போலிருந்தது. உனக்கும் அப்படித்தானே தொடங்கியது? உன் கையைக் கண்டால் தேயிலைச் செடியே கொழுந்தைத் தானாய்க் கழற்றிக் கூடையில் போடும். அந்தக் கையின் விரல்கள் ஒவ்வொன்றாய்க் கோணின. கங்காணி உன்னைக் கொழுந்து மலையிலிருந்து எடுத்து, பிள்ளைக் காம்பராவில் தொட்டில் ஆட்ட விட்டார். தொட்டில் ஆட்ட விரல் வேண்டாம், மணிக்கட்டுப் போதும் என்று நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தோம்?

பதுளை கிளினிக்குக்கு மச்சானும் நானும் அவளைக் கூட்டிப் போனோம். டாக்டர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ஸ்டெல்லா வயதுதான் இருக்கும். எங்களுக்குப் பக்கத்துப் பெஞ்சில் மொனராகலையிலிருந்து வந்த ஒரு அம்மா, முழங்கால் வலியோடும் முழுசாய்த் திறந்த காதோடும்.

"இரத்தத்தில ஒண்டும் பிடிபடேல்லை. உங்கட குடும்பத்தில ஆருக்காவது தோல் வருத்தம் இருந்ததோ? செதிலா உதிருறது?" என்று டாக்டர் கேட்டார்.

மச்சான் பெஞ்சு அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க ரெண்டு பக்கத்து வம்சத்துலயும் ஒருத்தருக்கும் ஒன்னும் கிடையாதுங்க."

"அம்மாவுக்கு?"

"அது உரம் பட்ட அரிப்புங்க."

"அவவின்ர விரல்கள்?"

"அது வயசுங்க."

விரல் கோணும்போது உனக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மச்சானைக் குறை சொல்லாதே. வம்சத்தைப் பற்றி யார் கேட்டாலும் சம்பந்தம் பேச வந்தவருக்குச் சொல்கிற பதிலைத்தான் நம் சனம் சொல்லும். கடைசி நாளில் ஆண்டவரே கூப்பிட்டுக் கேட்டாலும், "எங்க வம்சத்துல பாவமே கிடையாதுங்க" என்றுதான் மொத்தத் தோட்டமும் எழுந்து நிற்கும்.

டாக்டர் பேனாவை எடுத்தார். ஸ்டெல்லா வீங்கிய விரலை மடியில் மறைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அது அப்படியே உன் பார்வை.

"டாக்டரம்மா," என்றேன், "வம்சத்துல ஒருத்தரும் இல்லைன்னா, அப்ப நான் யாருங்க?"

கழற்றினேன். நுவரெலியாவிலேயே பெய்யாத வெண்பனி பதுளையில் பெய்தது. மொனராகலை அம்மா சரசரவென்று பெஞ்சின் அடுத்த கோடிக்கு நகர்ந்தார்.

டாக்டர் எழுந்து வந்தார். வெறுங்கையால் என் தலையைத் தொட்டு, காதுக்குப் பின்னால் வரை தடவிப் பார்த்தார். "இது ஒட்டுற வருத்தம் இல்லை, அம்மா. நீங்கள் இருங்கோ" என்று பெஞ்சுக்குச் சொன்னார். உனக்குப் பிறகு என் தலையை யாரும் தொட்டதில்லை, அக்கா. குளிர் கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

"ஐயா பிள்ளைக்கு என்ன முறை?"

"தாய்மாமன்."

"நல்லதாப் போச்சு. உங்களை வச்சுத்தான் எனக்கு வழி தெரியுது."

ஸ்டெல்லா நகத்தில் பூசியிருந்த கியூடெக்ஸைத் துடைக்கச் சொன்னார். அடியில் நகமெல்லாம் ஊசியால் குத்தின மாதிரிப் பள்ளங்கள். என் நகத்தையும் பார்த்தார், அதே பள்ளங்கள். இதற்குப் பெயர் சொரியாசிஸ், இதிலிருந்து மூட்டுக்கும் போகும் என்றார். வம்சத்தோடு வரும் பரம்பரையலகு ஒன்று அல்ல, பல சேர்ந்து வேலை செய்யுமாம். அவை இருக்கிற எல்லாருக்கும் வராதாம். தொண்டைப் புண்ணோ, காயமோ, மனக்கவலையோ ஒன்று தட்டி எழுப்ப வேண்டுமாம். ஒருவருக்குத் தோலோடு நிற்கும், ஒருவருக்கு மூட்டில் இறங்கும், சிலருக்குத் தோலில் ஒன்றும் தெரியாமலே மூட்டு வீங்கும். எனக்குத் தலை, உனக்கு முழங்கையும் விரலும், ஸ்டெல்லாவுக்கு விரல் மட்டும். ஒரே சொத்தைப் பாகம் பிரித்திருக்கிறோம்.

"நேரத்தோட வந்திட்டியள். விரல் கோணாமல் பார்க்கலாம்" என்றார்.

உன்னிடம் அப்படி ஒருவர் சொல்லியிருந்தால்?

திரும்பும் பஸ்ஸில் ஹாலிஎல தாண்டியதும் மச்சான் என் பக்கம் சாய்ந்தார். மெதுவாய், "அவளுக்கும் இதுதானா, சூசை?"

"ஆமாங்க மச்சான்."

"நான் உரம்னே நெனச்சிட்டேன்."

"நெனைக்கலை மச்சான். சொல்லிக்கிட்டீங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெஞ்சு அம்மா ஊர் போய்ச் சேருமுன் ஸ்டெல்லாவே பையனுக்குப் போன் போட்டு எல்லாம் சொல்லிவிட்டாள். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "எங்கப்பாவுக்குச் சீனி வியாதி, தாத்தாவுக்குக் காது கேக்காது. ரெண்டு வீடும் சரிக்குச் சரி." இவனை நானே கட்டிக்கொள்ளலாமா என்று யோசித்தேன்.

மருந்து தொடங்கியாகிவிட்டது. மெதுவாய்த்தான் கேட்கும், அடிக்கடி இரத்தம் பார்க்க வேண்டும். ஆனால் வீக்கம் வடிகிறது. நேற்று ஒரு ரோஜா போட்டுக் காட்டினாள். கோவாவுக்கும் ரோஜாவுக்கும் நடுவில் இருந்தது. என் தலைக்கும் மருந்து தந்திருக்கிறார்கள். அதற்கு வாடையே இல்லை, அக்கா. ஞாயிற்றுக்கிழமை தடவும்போது எனக்கு அது ஒரு குறையாகத்தான் இருக்கிறது.

ஈஸ்டர் முடிந்து கல்யாணம். தட்டுத் தட்டாய்ச் சீர் கொண்டு போவேன். தட்டுகளின் வரிசை எல்ல வரை நீளும். ஆனால் தாய்மாமன் செய்த உருப்படியான சீர், அன்று கிளினிக்கில் காட்டின இந்தத் தலைதான். ஸ்டெல்லாவின் பிள்ளைகளுக்கு இது வரலாம், வராமலும் போகலாம். எந்த டாக்டர் கேட்டாலும் "எங்க வம்சத்துல இருக்குங்க" என்று சொல்ல ஆள் இருக்கும். முதலில் நான், பிறகு ஸ்டெல்லா.

உனக்குக் கொடுத்த வாக்கை மீறியதற்குப் பதிலாய் இன்னொரு வாக்குத் தருகிறேன். கல்யாணத்தன்று வாசலில் நிற்க மாட்டேன். கோயிலுக்குள், முதல் வரிசையில், வெறுந்தலையோடு நிற்பேன். பச்சைக் குல்லா மட்டும் என் கோட்டுப் பைக்குள் இருக்கும். மகள் கல்யாணத்துக்கு நீ வர வேண்டாமா?

உன் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளி,
உன் மகளின் தாய்மாமன்,
உன் ஒரே தம்பி சூசை