அவருடைய பழைய நம்பர்

செவ்வாய், ஐப்பசி 4. தோணிரேவு.

என் ஆதாரைக் காட்டி யாரோ மூன்று சிம் வாங்கி, ஊரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறார்கள். போன வாரம் போலீஸ் தேடி வந்த பிறகுதான் எனக்கே தெரியும். இன்று காலை பொன்னேரியில் புகார் கொடுத்தேன். ஆதாரைப் பூட்டிவைக்கச் சொன்னார்கள் என்று இ-சேவை மையத்துக்கும் போனேன்.

"உங்க நம்பருக்கு ஓடிபி போவும்க்கா, அத்த சொல்லுங்க" என்றாள் அங்கிருந்த பெண்.

ஆதாரில் இருப்பது என் வீட்டுக்காரர் நம்பர். இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் இறால் தடவுகிறவளுக்குப் போன் எதற்கு என்று எங்கள் குப்பத்துப் பெண்கள் எல்லோரும் புருஷன் நம்பரைத்தான் கொடுத்தோம். அவர் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. நம்பரை மாற்றலாமென்றால், சேற்றில் தேய்ந்த என் ரேகையை மெஷின் எடுக்கவில்லை. கண் பார்க்கிற மெஷின் ரிப்பேராம்.

அந்தப் பெண்ணின் போனிலிருந்து அவர் நம்பருக்கே போட்டேன். மணி அடித்தது. யாரோ ஒருவன் எடுத்தான். நாங்கள் ரீசார்ஜ் பண்ணாமல் விட்டதில் நம்பர் அவனுக்குப் போயிருக்கிறது.

"அண்ணா, இப்ப உனுக்கு ஒரு ஓடிபி வந்துருக்கும். அது என்னுதுண்ணா. கொஞ்சம் சொல்லேன்."

"இன்னாமா, என்கிட்டியேவா? உன்ன மாரி திருட்டுக் கும்பல எத்தினி பாத்துருக்கேன்! போலீசுல சொல்லிருவேன்" என்று வைத்துவிட்டான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. யார் கேட்டாலும் ஓடிபியைச் சொல்லாதே என்றுதான் காலையில் புகார் வாங்கிய போலீஸ்காரரும் எனக்குப் புத்தி சொல்லி அனுப்பினார்.