காந்தத்தில் ஒட்டிய கிளிப்

புரட்டாசி, வியாழன் இரவு.

ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்குகிறது என்று மைத்துனன் ஏழுமலை தன் பழைய பைக்கை மதியம் கொண்டுவந்தான். கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, பெட்ரோல் வரும் ஜெட் துளையை ஊதி மாட்டினேன். இருட்டுவதற்குள் மலையேற வேண்டும் என்று தன் சின்ன மகளை டேங்க் மேல் உட்காரவைத்துக்கொண்டு அவசரப்பட்டான்.

"எல்லாம் போட்டாச்சா மாமா?"

"போட்டாச்சு, நீ கிளம்பு" என்றேன். வண்டியும் நன்றாகத்தான் சீறியது.

திருகாணிகள் உருண்டுவிடாமல் பழைய ஸ்பீக்கர் காந்தத்தில் ஒட்டிவைப்பது என் வழக்கம். ஏழு மணிக்கு அதைத் தூக்கினால், அடியில் ஒரு கிளிப். பெட்ரோல் டியூபைக் கார்புரேட்டரோடு இறுக்கிப் பிடிக்கிற கிளிப். மலை ரோட்டுக் குலுக்கலில் டியூப் கழன்றால் பெட்ரோல் சூடான இன்ஜின் மேல்தான் ஊற்றும். குழந்தையின் கால் அங்கேதான் தொங்கும்.

கச்சிராயபாளையத்திலிருந்து மலைக்குக் கடைசி பஸ்ஸும் போய்விட்டது. மேலே பாதி நேரம் டவர் கிடையாது. போன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டேன், இதுவரை கிடைக்கவில்லை.

இப்போது என் மனைவி செல்வி எழுந்து கேட்டாள்: "இன்னாங்க, எழுதிக்கினு இருக்கீங்க? தம்பி போன் பண்ணானா?"

"பண்ணான். வூட்டுக்குப் போயிட்டானாம்."

அவள் உடனே தூங்கிவிட்டாள். விளக்கை அணைத்தால் எனக்கு அந்தக் கால்தான் தெரிகிறது.