உரம் விழுந்த சாயங்காலங்களும் உங்கள் இடது காதும்

என் ஒற்றைக் காது அப்பாவுக்கு,

உங்களுக்குப் பேத்தி பிறந்து ஒன்பது வாரம் ஆகிறது. மித்ரா என்று பெயர் வைத்திருக்கிறோம். உங்கள் மாப்பிள்ளை மஞ்சுநாத் வீட்டில் கன்னடம், நம் வீட்டில் தமிழ். இரண்டு வீட்டு நாக்கும் சுளுக்கிக்கொள்ளாத பெயராகத் தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மூக்கு அப்படியே உங்கள் மூக்கு. குரலும் உங்களுடையதுதான், தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் சத்தத்தைத் தாண்டி ஆளைக் கூப்பிடுகிற குரல்.

அந்தக் குரலைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான்காவது வாரத்தில் ஆரம்பித்தது. பகலெல்லாம் சமர்த்தாக இருப்பாள். மாலை ஐந்தரை ஆனால் போதும், முகம் செம்பருத்தியாகச் சிவக்கும், கைகளை இறுக்கி மூடிக்கொள்வாள், காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு ஒரே அலறல். பால் கொடுத்தாலும், துணி மாற்றினாலும், தூக்கி நடந்தாலும் அடங்க மாட்டாள். எட்டு மணிக்கு யாரோ சுவிட்சை அணைத்தது போல நின்றுவிடும். அதன்பிறகு ஒன்றுமே நடக்காதது மாதிரி என்னைப் பார்ப்பாள்.

நான் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை பார்க்கிறவள் இல்லையா? ஒரு பாகத்தில் கீறல் இருந்தால் ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டு மூல காரணத்தைப் பிடித்துவிடுவோம். அதே புத்தியோடு இவளுக்கும் ஒரு நோட்டுப் போட்டேன். எத்தனை மணிக்கு ஆரம்பித்தாள், நான் என்ன சாப்பிட்டேன், மின்விசிறி ஓடியதா. பக்கம் நிறைந்ததே தவிர முதல் ஏனுக்குக்கூடப் பதில் கிடைக்கவில்லை. அம்மா முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து கோவில்பட்டியில் தம்பி வீட்டில் இருக்கிறாள். அவளிடம் சொன்னால் கிளம்பி வந்துவிடுவாள் என்று சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் மித்ராவைப் படுக்கையில் கிடத்திவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டேன், சத்தம் கேட்கக் கூடாது என்று. என் கை நடுங்கியது. இன்னும் ஒரு நிமிடம் அவளைப் பிடித்திருந்தால் அந்தக் கை என்ன செய்திருக்குமோ என்று பயமாக இருந்தது அப்பா. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இவளுக்கு நான் லாயக்கில்லையோ என்று அன்றைக்குத்தான் முதலில் தோன்றியது.

அழுகை கேட்டுப் பக்கத்து வீட்டுக் கலைச்செல்வி அக்கா உள்ளே வந்துவிட்டார். கல்லாவிக்காரர், நல்ல மனுஷி. பிள்ளையைப் பார்த்ததும் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "கண்ணு, இது உரம் விழுந்திருக்குது. தூக்கறப்ப எங்கியோ பிசகிடுச்சு. எங்கூர்ல ஒரு அம்மா உரம் எடுப்பாங்க. சேலையில போட்டு நாலு உருட்டு, காலப் புடிச்சித் தலகீழா ஒரு தூக்கு. அப்பறம் அழவே அழுவாது." எனக்கு அப்போது யார் எதைச் சொன்னாலும் சரி என்றுதான் இருந்தது. அக்காவே மஞ்சுநாத்துக்குப் போன் போட்டார். "தம்பி, பாப்பாவுக்கு உரம் விழுந்திருக்குது, உடனே வாங்க, கூட்டிட்டுப் போவணும்."

உங்கள் மாப்பிள்ளை பாகலூரில் ரோஜாப் பண்ணையில் சூப்பர்வைசர். அவருக்குத் தெரிந்த உரம் மூட்டையில் வருகிற உரம் ஒன்றுதான். பண்ணையிலேயே தலையோடு குளித்து, சட்டையை மாற்றி, ஈரம் சொட்டச் சொட்ட வந்து நின்றார். பிள்ளையைத் தொடவே இல்லை. "வாயில போச்சா, கண்ணுல பட்டுச்சா? என் சட்டையிலருந்துதான் விழுந்திருக்கும் கவிதா. யூரியாவா, பொட்டாஷா, பாத்தியா?" என்று கேட்கிறார். கலைச்செல்வி அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு நான் சிரித்தேன், மித்ரா அலறிக்கொண்டிருக்கும்போதே.

விளக்கிச் சொல்லியும் அவருக்கு மனசு ஆறவில்லை. "எந்த உரமா வேணா இருக்கட்டும், டாக்டர் பாத்துடட்டும்" என்று ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டார். கல்லாவிக்குப் போக வேண்டிய பிள்ளை அப்படித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அந்தப் பெண் மருத்துவர் தலை முதல் கால் வரை நிதானமாகப் பார்த்தார். எடை நன்றாக ஏறுகிறது, காய்ச்சல் இல்லை, பச்சையாக வாந்தி இல்லை, மலத்தில் ரத்தம் இல்லை, நன்றாகக் குடிக்கிறாள். இதில் எது மாறினாலும் உடனே தூக்கி வரச் சொன்னார். "இதுக்குப் பேரு கோலிக். ஆறாவது வாரம் வரைக்கும் ஏறும், மூணு நாலு மாசத்துல தானா அடங்கிடும். உங்க தப்பு எதுவும் இல்ல."

"எதனால மேடம்?" என்றேன்.

"அது இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாதும்மா."

மடியில் கிடந்தவளைப் பார்த்தேன். நான்கு கிலோ இருக்கிற ஒரு உயிர். தினமும் ஒரே நேரத்தில் தொடங்குகிறது, ஒரே நேரத்தில் முடிக்கிறது, மூன்று மாதத்தில் தானாக விட்டுவிடப் போகிறது. இத்தனை படித்தவர்களுக்கும் அதன் காரணம் பிடிபடவில்லை. என் ஐந்து ஏனும் அந்தப் பிஞ்சு வயிற்றுக்கு முன்னால் கைகட்டி நின்றன. பயம் போய், என்னவென்று சொல்ல, ஒரு மலைப்பு வந்தது.

கலைச்செல்வி அக்கா விடவில்லை. "அப்ப உரம்னு ஒண்ணு இல்லீங்களா?"

"அழுகை நெசந்தாங்க. ஆனா உருட்டறது, தலகீழாத் தூக்கறது, உலுக்கறது எதுவும் வேணாம். இன்னும் கழுத்தே நிக்கலியே."

"மெல்லத் தடவி விடறவங்ககிட்ட, பிசியோகிட்டக் கூட்டிட்டுப் போலாமா?" என்று நான் கேட்டேன்.

மருத்துவர் மறைக்காமல் சொன்னார். "அழுகை நேரம் கொறஞ்சதா சில ஆராய்ச்சில சொல்றாங்க. ஆனா எந்தக் கொழந்தைக்குச் செஞ்சாங்கன்னு பெத்தவங்களுக்கே தெரியாம வச்சுப் பாத்தப்ப, அந்த வித்தியாசம் அவ்வளவா நிக்கல. அதனால கொறையும்னு நான் சொல்ல மாட்டேன். நீங்களே மெல்லத் தடவுங்க, அதுல கெடுதல் இல்ல. முதுகெலும்ப அழுத்தறவங்ககிட்ட மட்டும் போகாதீங்க." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தாங்க முடியலன்னா பத்திரமாப் படுக்க வச்சிட்டு ரெண்டு நிமிஷம் வெளிய போய் நில்லுங்க. அது தப்பில்ல." குளியலறைக் கதவை அவர் பார்த்திருந்தது போல இருந்தது எனக்கு.

கிளம்பும்போது ஒன்று காட்டினார். குழந்தையின் தலை முழங்கை மடிப்பில், வயிறு முன்கையில், கால்கள் இரண்டு பக்கமும் தொங்க, குப்புறப் பிடித்து இன்னொரு கையால் முதுகை மெல்லத் தடவுவது. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான் நடக்கிறேன். கல் மாதிரி இருக்கிற வயிறு என் கையின் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக இளகுவது தெரிகிறது. அழுகை நின்றதா என்று கேட்டால், இல்லை, நிற்கவில்லை. என் கை நடுங்குவது நின்றுவிட்டது.

இனிதான் உங்களிடம் கேட்க வேண்டியது இருக்கிறது.

போன வாரம் சேகர் மாமா, உங்களோடு பிரஸ் ஷாப்பில் இருந்தவர், பிள்ளையைப் பார்க்க வந்தார். சானமாவு காட்டுப் பக்கம் யானைகள் ரோட்டைக் கடப்பதாக வண்டிகளை ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டார்களாம். அதனால் சரியாக மித்ரா கச்சேரி நேரத்தில் வந்து சேர்ந்தார். நான் அவளைக் குப்புறப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடந்துகொண்டிருந்தேன். மாமா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உங்கப்பன் அப்படியே நிக்கறான்" என்றார்.

"நீயும் இப்படித்தாம்மா, சாயங்காலமானா ஊரக் கூட்டுவ. உங்கம்மா அப்ப பிரசவத்துல ஆப்பரேஷன் பண்ணிப் படுத்திருந்தது. மூணு மாசம் அவன் சாயங்காலம் மாட்டற செகண்ட் ஷிப்டே பாக்கல. அவன் செகண்ட் ஷிப்டெல்லாம் நான் பாத்தேன், என் ஃபர்ஸ்ட் ஷிப்ட அவன் பாத்தான். எதுக்குய்யான்னா, வீட்டுல ஒரு வேலை கிடக்குன்னு மட்டும் சொல்லுவான். ஒரு நாள் வந்து பாக்கறேன், உன்னக் கையில குப்புறப் போட்டுக்கிட்டு நடக்கறான். அப்பறம் எடது தோள்ல போட்டுக்கிட்டான். நீ அந்தக் காதுலயே கத்தற. மாத்திப் புடிய்யான்னேன். 'இந்தப் பக்கம்தாம்ல கொஞ்சம் அடங்குது, இருக்கட்டும்'னான்."

அப்பா, அது யார் சொல்லிக்கொடுத்த பிடி? உங்களுக்கு எந்த மருத்துவர் சொன்னார்?

சின்ன வயதில் நான் இடது பக்கம் நின்று பேசினால் உங்களுக்குக் கேட்காது. "இந்தக் காதைக் கெடுத்தது மெஷின் இல்ல, நீதான்" என்பீர்கள். நான் கோபித்துக்கொள்வேன், நீங்கள் சிரிப்பீர்கள். அதிலிருந்து வலது பக்கமே உட்கார்ந்து பழகிவிட்டேன். உங்கள் கடைசி நாளில் ஆஸ்பத்திரியிலும் வலது காதில்தான் பேசினேன். பிரஸ் ஷாப்தான் கெடுத்தது, எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த மூன்று மாதத்தை ஒரு கேலிக்குள் இப்படி ஒளித்து வைப்பீர்களா? ஒரு தடவையாவது நேராகச் சொல்லியிருக்கக் கூடாதா?

இப்போது அழுகை கொஞ்சம் குறைந்து வருகிறது. தானாகவா, தடவியதாலா, தெரியாது. தெரிய வேண்டும் என்றும் இப்போது தோன்றவில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

ஒரு வாக்குத் தருகிறேன். இவள் வளர்ந்து, இடது பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டால், கேட்டாலும் கேட்காதது போல இருப்பேன். "இந்தக் காதைக் கெடுத்தது நீதான்" என்பேன். அவள் கோபித்துக்கொண்டதும், பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், உங்களைப் போல ஒளிக்க மாட்டேன்.

மணி ஐந்தரை. ஆரம்பித்துவிட்டாள். இடது தோளில் போட்டுக்கொள்ளப் போகிறேன்.

உங்கள் இடது காதில் மூன்று மாதம் குடியிருந்த மகள்,
கவிதா