மாரி வீட்டுக் கதவு

12.8.2004, வியாழன். திருத்தங்கல்

மலேசியாவிலிருந்து இந்தியாவுக்கு முதல் தடவை வந்திருக்கிறேன். ஈப்போக்காரி என்று ஊருக்குத் தெரியட்டுமே என்று, இருந்ததிலேயே நல்ல நைலான் சேலையைக் கட்டிக்கொண்டு, சித்தி மகள் மாரி வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனிக்குப் போனேன். மருந்து அடைக்கும் அறையின் வாசலிலேயே கையை நீட்டித் தடுத்துவிட்டாள்.

"இந்தச் சேலையோட உள்ள வராதீகக்கா."

எல்லோரும் பார்த்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. விருந்தாளியை இப்படியா வாசலில் நிறுத்துவது?

"கோவிச்சுக்கிடாதீக. நைலான் உரசுனா பொறி வரும். ஒரு பொறி போதும், அம்புட்டுப் பேரும் போயிருவோம்."

குழம்பில் உப்புக் குறைகிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். வெளியிலிருந்தே எட்டிப் பார்த்தேன். சின்ன அறைதான், ஆனால் நான்கு பக்கமும் வாசல்.

"எதுக்கு இத்தனை வாசல்?"

"ஓடத்தான்," என்றாள் மாரி. உள்ளே இருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது மாரி என் பக்கத்தில் தூங்குகிறாள். தெருக்கதவு திறந்தே கிடக்கிறது. கொசு வருகிறதே என்று சற்றுமுன் எழுந்துபோய்ச் சாத்தினேன். தூக்கத்திலேயே, கண்ணைத் திறக்காமல் சொன்னாள்:

"அடைக்காதீகக்கா."

திறந்துவிட்டேன். என் படுக்கையையும் வாசல் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டேன்.