ஓட்டு நாளில் ஊதாத சங்கு

திங்கள், ஐப்பசி 10

விடியலிலிருந்து மழை. ராயபுரம் அச்சகத்தில் கூரை ஒழுகிக் காகிதக் கட்டு நனைந்தது. ப்ரூஃப் நாலு பக்கம். கண் எரிச்சல்.

தேர்தல் வழக்கில் தீர்ப்பு. எங்கள் பகுதிக் கட்சித் தலைவரின் கவுன்சிலர் பதவி தப்பியது. ஓட்டு நாளன்று மூன்று மணிக்கு லாரியில் ஓட்டுப் போட ஆள் ஏற்றி வந்தார் என்று புகார். ஏற்றித்தான் வந்தார், தெருவே பார்த்தது. கோர்ட்டில் சத்தியம் செய்து சொன்னது வேறு: 'மூன்று மணிக்கு ஆலைச் சங்கு ஊதும்போது ஆரோக்கியம் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.' ஆரோக்கியம் திருவொற்றியூர் ஆலையில் பாய்லர் வேலை, தலைவரின் தொழிற்சங்கத்து ஆள். அவரும் கூண்டேறி அதையே சொன்னார். அதே சங்கு, அதே டீ.

ஓட்டு நாள் ஆலைக்கு விடுமுறை. சங்கே ஊதவில்லை.

எங்கள் பக்கம் கடிகாரம் யார் பார்த்தார்கள்? சோறு, குளியல், சண்டை எல்லாம் சங்குக்குத்தான். வக்கீல் அறையில் இருவருக்கும் பாடம் நடந்தபோது குறிப்பெடுக்க நானும் இருந்தேன். தலைவர்தான் சொன்னார்: "மணி சொன்னா நம்ப மாட்டாங்க. சங்குன்னு சொல்லு." ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான்.

எதிர் வக்கீல் பிடித்துக்கொண்டார். ஆனால் லாரிக்காரன் பல்டி அடித்ததால் புகார் நிற்கவில்லை. தலைவர் சொன்னது 'ஞாபகப் பிசகு, நாலு இடம் போகிறவர்' என்று தீர்ப்பு. ஆரோக்கியம் மேல் பொய்ச்சாட்சி வழக்கு. அவர் போகிற இடம் ஆலை ஒன்றுதான்.

புதன், 12

தூறல். நான் ப்ரூஃப் பார்க்கும் எங்கள் கட்சி வாரப் பத்திரிகையின் தலையங்கம்: 'வாய்மை வென்றது'. போன வருஷம் எதிர்க்கட்சி மரக்கடை முதலாளி கோர்ட்டில் புளுகியபோது நாங்கள் போட்டது: 'சத்தியத்தைக் கொன்ற கயவன்'. அதே பக்கம், அதே பெரிய எழுத்து. ஆசிரியரிடம் கேட்டேன்.

"அவன் புளுகினது அவன் வயித்துக்கு. நம்ம தலைவர் சொன்னது ஏழைங்களுக்காக."

"ஆரோக்கியம்?"

"சாட்சி சொல்றவன் ஜாக்கிரதையா சொல்லணும்பா."

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், பிளேடு, அம்மாவுக்கு இருமல் மருந்து.

வெள்ளி, 14

ஆரோக்கியம் வீடு. சுவரெல்லாம் ஈரம். அவர் மனைவி செல்வமேரி மீன் கழுவிக்கொண்டே கேட்டாள்:

"தலைவரு வந்து, நான்தான் சொல்லச் சொன்னேன்னு ஒரு வார்த்த சொன்னா, இவர வுட்ருவாங்களா தம்பி?"

தண்டனையாவது குறையும் என்றேன்.

"இவரு போயி கேட்டாச்சு. கட்சி கீது, கவலப்படாதன்னாராம். கட்சியா வந்து உள்ள குந்தப் போவுது?"

ஆரோக்கியம் சிரித்தார். "சும்மா கெட. டீத்தூளே இல்லாத வூட்ல அவரு டீ குட்ச்சாருன்னு சொன்னேன் பாரு, அதான் பெரிய புளுகு."

அவள் சிரிக்கவில்லை. "நீ அந்த ரூம்ல இருந்தியே தம்பி. நீ சொல்வியா?"

சொல்வேன் என்றேன். வேலை போகும். போகட்டும்.

செவ்வாய், 18

மழை விட்டு வெயில். கோர்ட். தலைவர் வரவில்லை, தண்டையார்பேட்டையில் தெருக்குழாய் திறப்பு விழாவாம்.

ஆரோக்கியம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மாஜிஸ்திரேட் கேட்டார்: "இப்படிச் சொல்லச் சொன்னது யார்?"

பெஞ்சிலிருந்து எழுந்தேன். ஆரோக்கியம் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தார்.

"யாரும் சொல்லல சாமி. நானாத்தான்."

இதுவும் பொய். இதை மட்டும் கேள்வியில்லாமல் நம்பினார்கள். ஆறு மாதம்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். டவாலி போட்ட கோர்ட் சேவகன் அதட்டினான்: "குந்துய்யா." உட்கார்ந்தேன்.

வேனில் ஏறும்போது ஆரோக்கியம் சொன்னார்: "அவரு பேரு கெட்டா சங்கம் பூடும் தம்பி. வூட்டாண்ட அப்பப்போ எட்டிப் பாரு." அவரை அறைய வேண்டும் போல இருந்தது. என்னையும்.

செல்வமேரியோடு பஸ். ஏன் உட்கார்ந்தாய் என்று அவள் கேட்டிருக்கலாம். டோல்கேட்டில் கட்சிக்கொடி, தோரணம், ஒலிபெருக்கியில் தலைவர் குரல். திருவொற்றியூரில் இறங்கும்போது மூன்று மணிச் சங்கு.

ஊதி முடியும் வரை அசையாமல் நின்றாள்.

"இன்னிக்கு ஊதுது பாரு."