கொண்டாடவில்லை

2024, ஜனவரி 16, செவ்வாய்

இன்றும் நாற்காலி போதவில்லை. பத்தொன்பது பேருக்குப் பதினாறு நாற்காலி. வாயா தண்ணீர்க் கேனைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் நான்கு பேராக இருந்த காலத்தில் ஆளுக்கு இரண்டு நாற்காலி இருந்தது. ஒன்றில் உட்காருவோம், இன்னொன்றில் கோட்டைப் போடுவோம். முதலீடு போட்ட ஏதென்ஸ்காரர்கள் வளர்ச்சி என்று சொல்வது இதைத்தான் போலிருக்கிறது.

மெனெலாவோஸ் எடெசா ஊர் சிகையலங்காரக் கடைப் பெண்ணோடு நாற்பது நிமிடம் தொலைபேசியில் பேசினான். மென்பொருளில் சந்தேகம் ஐந்து நிமிடம், மீதி அவள் தங்கை கல்யாணம். கம்பெனி ஆரம்பித்தபோது பாதி உன்னுடையது என்பது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்கு. அதான் பாதி நேரம் பேசுறேன், பாதி நேரம் வேலை செய்றேன்" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 1, வியாழன்

ஸ்தெஃபானிதிஸ் வந்து சேர்ந்தார். முதலீடு போட்டவர்கள் ஏதென்ஸிலிருந்து அனுப்பிய நிர்வாகி. இஸ்திரி கலையாத மனிதர். முதல் கேள்வியே கம்பெனிப் பெயரைப் பற்றி. 'பியனூ' — யாரோட பிள்ளை நீ என்று ஊர்ப்பக்கம் புதுமுகத்தைப் பார்த்துக் கேட்பார்களே, அதன் முதல் சொல். மெனெலாவோஸ் வைத்த பெயர்.

"கிராமத்து நெடி அடிக்குதுங்களே" என்றார்.

"நம்ம வாடிக்கையாளருங்க கிராமத்துலதான் இருக்காங்க" என்றான் மெனெலாவோஸ். "டயர் கடை, கண்ணாடிக் கடை, தையக்கடை. அவங்க கடைக்கு வர்றவன் யாரு, என்ன பேரு, பெயர்நாள் எப்போ, போன தடவை என்ன வாங்கினான் — இதை மறக்காம இருக்கத்தான் நாங்க இருக்கோம். ஏதென்ஸ்ல யாருக்கும் யாரையும் ஞாபகம் வெச்சுக்கிற பழக்கம் இல்லைன்னா நாங்க என்ன பண்றது?"

மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தேன். அவன் சத்தமாக "ஏன்டி மிதிக்கிற?" என்றான். பொறியியல் கல்லூரியிலிருந்து இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான்.

பிப்ரவரி 8, வியாழன்

நாற்பது கிளைகள் உள்ள மருந்துக்கடைக்காரர்களை மூன்று மாதமாகப் பேசிப் பேசி வரவழைத்திருந்தேன். மெனெலாவோஸ் அவர்களிடம் சொன்னது: "உங்களுக்கு எங்க மென்பொருள் சரிப்படாதுங்க. உங்க ஆளுங்க கடைக்கு வர்றவங்க மூஞ்சியையே பாக்குறதில்லையே."

போய்விட்டார்கள். நன்றி கூடச் சொன்னார்கள்.

இவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எந்தப் புனிதரின் திருநாளில் எந்தப் பெயர்க்காரருக்கு வாழ்த்துச் சொல்வது என்ற பெயர்நாள் பட்டியல் முழுக்க இவன் தலைக்குள் இருக்கிறது. யாருக்கும் சொல்லித் தர மாட்டான். வருடத்துக்கு ஒருமுறை பாதிரியாரான தன் சித்தப்பா மகனைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக உட்கார்ந்து கையால் திருத்துவார்கள். ஆறாயிரம் கடைகள் இரண்டு பேருடைய ஞாபகத்தில் ஓடுகின்றன. அவன் நாளைக்கே படுத்துக்கொண்டால்?

இதை நான் கோபத்தில் எழுதவில்லை. கோபத்திலும்தான் எழுதுகிறேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

பல் மருத்துவரிடம் போவதாகச் சொல்லிவிட்டுக் கடற்கரைச் சாலையில் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். என் பல்லுக்கு ஒரு கேடும் இல்லை. பதினோரு மணிக்கு ஸ்தெஃபானிதிஸ் மெனெலாவோஸிடம் அவனைக் கம்பெனியிலிருந்து நீக்கும் காகிதத்தைக் கொடுத்தார். ஏதென்ஸும் நானும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும் என்று முதலீட்டு ஒப்பந்தத்தில் இருக்கிறது. போட்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது அவன் மேஜை காலி. ஒரு பிஸ்கட் டப்பாவை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தான். அவன் அம்மா யோர்கியாவின் டப்பா. நெயாப்போலியில் பழைய துணி திருத்தித் தைப்பவர். பன்னிரண்டு வருடம் முன்பு எங்களிடம் மென்பொருள் இருந்தது, உள்ளே போட ஒரு பெயர் இல்லை. அப்போது தன் வாடிக்கையாளர்களின் துண்டுச் சீட்டுகளை இந்த டப்பாவோடு தூக்கிக் கொடுத்தார். நாற்பத்தொரு சீட்டு. எங்கள் பட்டியலில் முதல் கடை அவருடையதுதான்.

சில சீட்டுகளின் மூலையில் 'கொண்டாடவில்லை' என்று எழுதியிருந்தது. என்ன இது என்று கேட்டோம். "வீட்ல துக்கம்டா. அந்த வருஷம் பெயர்நாள் கிடையாது. வாழ்த்து சொல்லித் தொலச்சிடாதீங்க" என்றார். அன்றைக்கே அதற்கு ஒரு கட்டம் சேர்த்தோம். வேறு எந்த மென்பொருளிலும் அது கிடையாது.

அவன் கிளம்பும்போது ஏதாவது சொன்னானா என்று வாயாவிடம் கேட்டேன். "உங்க பல்லு சரியாயிடுச்சான்னு கேட்டாரு" என்றாள்.

பிப்ரவரி 27

வேலை நிஜமாகவே வேகமாக நடக்கிறது. அதுதான் எரிச்சல்.

மார்ச் 14, வியாழன்

ஏதென்ஸ்காரர்களோடு கூட்டம், காலையிலிருந்து. நடுவில் மெனெலாவோஸ் மூன்று முறை அழைத்தான். எடுக்கவில்லை. ஒரு மாதம் கழித்துத் திட்டுவதற்குத் தெம்பு வந்துவிட்டது போல. எதுவானாலும் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள் என்று வக்கீலும் சொல்லியிருக்கிறார்.

நாலாவது முறை அவன் அழைக்கவில்லை. ரோஷக்காரன்.

மார்ச் 19

வாயா எனக்குக் காலை வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டாள். அவனை அனுப்பிய மாதம் முழுக்கச் சொன்னவள் இப்போது ஏன் நிறுத்த வேண்டும்? ஊழியர்களை நண்பர்களாக நினைக்காதீர்கள் என்று ஸ்தெஃபானிதிஸ் சொன்னது சரிதான்.

மார்ச் 27, புதன்

புதிய அமைப்புக்கு மாறிவிட்டோம். பெயர்நாள் பட்டியலை வெளியே ஒரு கம்பெனியிடமிருந்து ஆயத்தமாக வாங்கியாகிவிட்டது. இனி யாரும் பாதிரியாரைக் கூப்பிட வேண்டாம். பழைய கட்டங்களில் எவற்றை வைத்துக்கொள்வது என்று ஸ்தெஃபானிதிஸ் ஒரு பட்டியல் கொண்டுவந்தார்.

"இந்தக் 'கொண்டாடவில்லை' கட்டம் நூத்துக்கு மூணு பேருக்குத்தான் நிரம்பியிருக்குதுங்க. காலியாக் கெடக்குறத எதுக்குத் தூக்கிச் சுமக்கணும்?"

மருந்துக்கடைக்காரர்கள் மறுபடி வருவதாக மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். அதைப் படித்துக்கொண்டே "சரி" என்றேன்.

ஏப்ரல் 22, திங்கள்

என் மேஜைமேல் ஒரு வெள்ளைக் காகிதப் பொட்டலம், வெள்ளிச் சிலுவை அச்சடித்தது. இறந்தவர்களின் நினைவுப் பூசையில் கொடுக்கும் கோதுமை; இறந்தவரை நினைத்து வேண்டிக்கொண்டு ஒரு பிடி சாப்பிடுவது முறை. வாயா சனிக்கிழமை கோயிலுக்குப் போயிருப்பாள், அவள் சொந்தத்தில் யாருக்கோ. எல்லார் மேஜையிலும் ஒன்று இருந்தது. மதியம் சாப்பிட நேரமில்லை; ஏதென்ஸோடு பேசிக்கொண்டே கை கையாக அள்ளித் தின்று தீர்த்தேன். மாதுளை நிறைய போட்டிருந்தார்கள். நன்றாக இருந்தது.

வாயா கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். கையை ஆட்டினேன். போய்விட்டாள்.

ஏப்ரல் 23, செவ்வாய்

எல்லாம் போச்சு. மானம் போச்சு.

காலை ஒன்பது மணிக்கு, எங்கள் ஆறாயிரம் கடைகளின் பெயரில், வடக்கில் உள்ள யோர்கோஸ், யோர்கியா எல்லாருக்கும் பெயர்நாள் வாழ்த்து போயிருக்கிறது. புனித யோர்கோஸ் திருநாள் தவக்காலத்தில் விழுந்தால் ஈஸ்டருக்கு மறுநாள்தான் கொண்டாடுவோம் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். வாங்கிய பட்டியலுக்குத் தெரியவில்லை. அதைச் சரிபார்க்க எனக்கும் தோன்றவில்லை. மெனெலாவோஸ் வருடா வருடம் உட்கார்ந்து திருத்தியது இதைத்தான்.

வெரியாவிலிருந்து டயர் கடைக்காரர் கூப்பிட்டார்: "ஏம்மா, கர்த்தர் இன்னும் சிலுவையே ஏறல, அதுக்குள்ள என்னைய இருநூறு யோர்கோவுக்கு வாழ்த்து சொல்ல வெச்சுட்டியே! கடைக்கு வர்றவன் போறவனெல்லாம் 'அப்படியே கிறிஸ்துமஸுக்கும் இப்பவே சொல்லிடுங்க மாஸ்டர்'னு சிரிச்சுட்டுப் போறான். அந்தத் தம்பி எங்க, மெனெலாவோஸ்? அவர்கிட்ட குடு, நான் அவர்கிட்ட பேசிக்கிறேன்."

விடுப்பில் இருக்கிறார் என்று சொன்னேன்.

எங்கள் வாடிக்கையாளர்களில் இருக்கும் யோர்கோஸ்களுக்குக் கம்பெனியே அனுப்பும் வாழ்த்தும் போயிருக்கிறது. அதன் அடியில் என் பெயர் இருக்கிறது.

ஏப்ரல் 25

திருத்தியாகிவிட்டது. மே 6 அன்று மீண்டும் எல்லாருக்கும் போகும். கம்பெனி வாழ்த்தை நானே உட்கார்ந்து எழுதினேன்: 'போன தடவை அவசரப்பட்டுவிட்டோம். உங்கள் நாள் இன்றுதான். பல்லாண்டு வாழ்க! — உங்கள் போப்பி.' மெனெலாவோஸ் எழுதியிருந்தால் இதைவிட நன்றாக எழுதியிருப்பான். இருக்கட்டும்.

மே 7, செவ்வாய்

துக்க வீடுகளுக்கும் போயிருக்கிறது. கட்டம்தான் இல்லையே.

காலையிலிருந்து தொலைபேசி. இன்று யாரும் சிரிக்கவில்லை. கில்கிஸ் கண்ணாடிக் கடை அம்மாள் கத்தவும் இல்லை. "மகன் யோர்கோவைப் பறிகொடுத்தவ, முப்பது வருஷமா என் கடைக்கு வர்றவ. பல்லாண்டு வாழ்கன்னு அவன் நம்பருக்கு என் பேர்ல போயிருக்கு. இனிமே எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவளப் பாப்பேன்?" என்றார். மன்னிப்புக் கேட்டேன். "உங்க மன்னிப்பு எனக்கெதுக்குங்க" என்று வைத்துவிட்டார்.

இன்றைக்கு மட்டும் எழுபது கடைகள் கணக்கை மூடின. அது ஒன்றும் பெரிய எண்ணிக்கை இல்லை என்கிறார் ஸ்தெஃபானிதிஸ். சதவீதம் போட்டுக் காட்டினார்.

மே 28

புதிய அலுவலகம். எல்லாருக்கும் நாற்காலி இருக்கிறது, உயர்த்தலாம், தாழ்த்தலாம். வாசலில் கண்ணாடிப் பேழைக்குள் யோர்கியா அம்மாவின் பிஸ்கட் டப்பாவை வைத்திருக்கிறார்கள், கீழே 'நாங்கள் தொடங்கிய இடம்' என்ற பலகை. ஸ்தெஃபானிதிஸின் யோசனை. வருகிறவர்களுக்கு இது பிடிக்கிறதாம்.

மருந்துக்கடைக்காரர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

ஜூன் 8, சனி

என் பெயர்நாள். நேற்றே அலுவலகத்தில் எல்லாருக்கும் கிரீம் வைத்த முக்கோணப் பலகாரம் வாங்கிக் கொடுத்தேன். வாயா எடுக்கவில்லை, வயிறு சரியில்லையாம்.

மெனெலாவோஸ் கூப்பிடவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறை. ராணுவத்தில் இருந்தபோதுகூட எல்லைக் காவல் சாவடியிலிருந்து கூப்பிட்டவன். சரி, நான் செய்தது தப்புத்தான். அதற்காக ஒரு நாள், ஒரே ஒரு வாழ்த்து — இவ்வளவு வன்மமா?

ஜூன் 30, ஞாயிறு

சகல புனிதர் ஞாயிறு. மெனெலாவோஸ் என்ற பெயரில் புனிதர் யாரும் இல்லாததால் அவனுக்கு இன்றுதான் பெயர்நாள். "பேர் தெரியாத புனிதருங்க எல்லாரும் வரிசையில நிப்பாங்க, ஓரமா எனக்கும் ஒரு எடம்" என்பான். பெயர்நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. கதவு திறந்திருக்கும், தெரிந்தவர்கள் போக வேண்டியதுதான். ஒவ்வொரு வருடமும் யோர்கியா அம்மா வீட்டில் மேஜை போட்டிருக்கும். அவன் வராவிட்டால் என்ன, நான் போகிறேன் என்று கிளம்பினேன். போகிற வழியெல்லாம் என்ன பேசுவது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். திரும்பி வா என்று கேட்பதாக இருந்தேன். நிஜமாகவே கேட்பதாக இருந்தேன்.

மூன்றாவது மாடி. கதவு சாத்தியிருந்தது. மணியடித்தேன். கறுப்புச் சட்டையில் வந்து திறந்தான். தாடி. உள்ளே தையல் இயந்திரத்தின் மேல் போர்வை போட்டிருந்தது.

"பல்லாண்டு வாழ்க" என்றேன். பலகாரப் பெட்டியை நீட்டினேன்.

"இந்த வருஷம் கொண்டாடல, போப்பி" என்றான்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. மூளை கெட்டவள். "அம்மா எங்கடா?" என்று கேட்டேன்.

என்னை ஏறிட்டுப் பார்த்தான். எனக்குத் தெரியாது என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். பிறகு சொன்னான்: "அம்மா போன் என்கிட்டதான் இருக்கு. ரெண்டு தடவை வாழ்த்து அனுப்பியிருந்தியே. அவசரப்பட்டுட்டோம், உங்க நாள் இன்னைக்குத்தான்னு. நீ வேணும்னே அனுப்பமாட்டன்னு எனக்குத் தெரியும். ஆனா படிச்சப்ப அது தோணல."

பெட்டியை வாங்கிக்கொள்ளவில்லை. கோபமாகவும் இல்லை. படியில விளக்கு எரியல, பாத்து எறங்கு என்றான்.

என்ன பண்ணிட்டேன் நான்? என்ன பண்ணித் தொலச்சேன்?

ஜூலை 1, திங்கள்

காலையில் முதல் வேலையாகப் பட்டியலின் முதல் பெயரைத் திறந்தேன். யோர்கியா, துணி திருத்துதல், நெயாப்போலி. ஏப்ரல் 23, வாழ்த்து அனுப்பப்பட்டது, படிக்கப்பட்டது. மே 6, வாழ்த்து அனுப்பப்பட்டது, படிக்கப்பட்டது. 'கொண்டாடவில்லை' என்று எழுத இடமில்லை. கட்டத்தை மறுபடி வைக்கச் சொன்னேன். இலையுதிர்காலப் பட்டியலில் சேர்த்துக்கொள்வதாக ஸ்தெஃபானிதிஸ் சொன்னார்.

கண்ணாடிப் பேழையைத் திறந்து டப்பாவை எடுத்துக்கொண்டு வாயாவிடம் போனேன். இதை மெனெலாவோஸிடம் கொடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். பிறகு, ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றும் கேட்டுவிட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். முகம் வெளுத்துவிட்டது. "அவங்கம்மா போன அன்னைக்கே உங்களத்தான் மொதல்ல கூப்பிட்டாரு, மூணு தடவை. நீங்க எடுக்கலன்னாரு. மார்ச் பதினாலு. அடக்கத்துக்கும் நீங்க வரல. சரி, மனசு ஒத்துக்கல போலன்னு நெனச்சேன். நாப்பதாம் நாள் பூசைக்கு அவரே கோதுமை குடுத்து அனுப்பினாரு, உங்களுக்குன்னு தனியா ஒண்ணு. அதைத்தானே அன்னைக்கு மேஜைல வெச்சேன்."

டப்பாவை அவள் மேஜைமேல் வைத்தேன்.

"நீங்க சாப்பிட்டீங்களே" என்றாள். "நான் பாத்துட்டுத்தானே நின்னேன். அவர்கிட்டயும் போய்ச் சொன்னேன், சாப்பிட்டாங்கன்னு."