பெருமாள்மலையின் பனிராஜா

9 ஜனவரி 2006, திங்கள்

கடிகாரம் காலை ஏழு என்கிறது. என் மூக்கு அதை நம்பவில்லை. அது ராத்திரியே கழன்று கம்பளிக்குள் எங்கோ கிடக்கிறது. இந்த வருடக் குளிரில் தேங்காய் எண்ணெயைக் கத்தியால் அறுத்துத்தான் தலையில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நேற்று கொடைக்கானல் போயிருந்தேன். கம்ப்யூட்டர் சென்டர் சுவரில் ஒரு நோட்டீஸ். தொழில்நுட்ப ஆர்வலர்களுக்குப் போட்டி. பானம் குளிர்விக்கும் கருவியை வீட்டிலேயே செய்து கொண்டுவர வேண்டும். அரை லிட்டர் எலுமிச்சை ஜூஸ், அரை மணி நேரம், ஐஸ் கூடாது. யார் அதிகம் குளிர வைக்கிறாரோ அவருக்குக் கோப்பை. பிப்ரவரி 26, கன்னிவாடி.

இருபது வருடமாக இந்த மலையின் ரேடியோ, டி.வி. அத்தனையையும் பிரித்துப் போட்ட கை இது. சிலவற்றைத் திரும்பப் பூட்டியும் இருக்கிறது. நாடு என்னைக் கூப்பிடுகிறது என்று புரிந்துகொண்டேன்.

11 ஜனவரி, புதன்

வீட்டில் அறிவித்தேன். தங்கை அமிர்தவல்லி கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"இந்தக் குளிருல ஜூஸ ஆறவைக்க மிசினா? வாசல்ல வைங்கண்ணே, அதுபாட்டுக்கு ஆறும். சும்மா கதைச்சுக்கிட்டு."

சிலோன் தோட்டத்தை விட்டு வந்து முப்பது வருடம் ஆகிறது. கோபம் வந்தால் மட்டும் அவள் நாக்கு இன்னும் கப்பலேறிப் போய்விடுகிறது.

அவள் மகள் மகாராணி சிரிக்கவில்லை. அவள் சிரிக்காதபோதுதான் நான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இருநூறு செட் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்க ஆர்டர் பிடித்திருக்கிறாள். மே கடைசிக்குள் கொடுக்க வேண்டும். இரண்டு தையல் மெஷின் வாசலில் சாக்கு போர்த்திக் கிடக்கின்றன. உள்ளே போட இடமில்லை. இருக்கிற ஒரே இடம் பின்னறை. அது என் ஆராய்ச்சிக்கூடம். அதில் செத்துப்போன பதினோரு டி.வி.க்கள் உயிர்த்தெழக் காத்திருக்கின்றன.

"மாமா, ஒரு பேச்சு. செயிச்சா அறை உங்களுக்கு, நா வாயத் தொறக்க மாட்டேன். தோத்தா அன்னைக்கே காலி."

"அன்னைக்கேவா? வெற்றி ஊர்வலமெல்லாம் முடிய வேணாமா?"

"எது, டி.வி. பொட்டிகளுக்கா?"

காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தங்கை சாட்சி. இவ்வளவு பேராசை பிடித்த வீட்டில் ஒரு விஞ்ஞானி பிறந்தது உலகத்தின் அதிர்ஷ்டம்.

18 ஜனவரி, புதன்

பிறந்துவிட்டது. பெயர்: பனிராஜா.

இதயம் ஒரு சின்ன வெள்ளைத் தகடு, பிஸ்கட் அளவு. சுற்றுலா வேன்காரர் ஒருவர் தூக்கிப்போட்ட குட்டி ஐஸ்பெட்டிக்குள் கிடந்தது. கரண்ட் கொடுத்தால் ஒரு முகம் சில்லிடும், மறுமுகம் கொதிக்கும். என் தங்கை மாதிரியே, ஒரே உடம்பில் இரண்டு பருவகாலம். சில்லிடும் முகத்தின்மேல் டம்ளர். கொதிக்கும் முகத்துக்குப் பழைய ஆம்ப்ளிஃபயரின் அலுமினியப் பட்டைகள், அதை ஆற்ற ஒரு கம்ப்யூட்டர் ஃபேன்.

23 ஜனவரி, திங்கள்

அரை மணி நேரத்தில் ஜூஸ் ஐந்து டிகிரி. குடித்தேன். முன்பல் நான்கும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன.

3 பிப்ரவரி, வெள்ளி

பூனை பனிராஜாவின் முதுகில் ஏறிப் படுத்துக்கொள்கிறது. இறக்கினால் முறைக்கிறது. விஞ்ஞானத்தை மதிக்கத் தெரிந்த ஒரே ஜீவன்.

10 பிப்ரவரி, வெள்ளி

தாங்க முடியவில்லை. ஆராய்ச்சிக்கூடத்துக்குள் போனால் பனிராஜாவின் முதுகில் ஒரு ஜோடி ஈர சாக்ஸ்.

"வெரசா காயுதுண்ணே."

உலகம் வியக்கப்போகும் கருவியின் முதுகில் சாக்ஸ். தங்கையிடம் இரண்டு மணி நேரம் பேசவில்லை. பிறகு பசித்தது.

20 பிப்ரவரி, திங்கள்

மகாராணி கேட்டாள், "ஒரு தடவ கீழ வத்தலக்குண்டு வரைக்கும் கொண்டுபோயி போட்டுப் பாக்க வேணாமா? அங்க வெயிலு வேற மாதிரி."

குளிர் என் பெட்டிக்குள் இருக்கிறது, ஊரில் இல்லை என்று விளக்கினேன். தோற்கப்போகிறவர்கள் இப்படித்தான் எதிராளியைக் குழப்பப் பார்ப்பார்கள்.

26 பிப்ரவரி, ஞாயிறு

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக வெள்ளனே பஸ் ஏறினேன். வத்தலக்குண்டில் குல்லா கழன்றது. செம்பட்டியில் ஸ்வெட்டர். கன்னிவாடியில் தோலையும் கழற்ற முடிந்திருந்தால் கழற்றியிருப்பேன். போட்டி நடந்தது ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கொட்டகையில். மாசிக்கே அப்படி ஒரு வெயில். காக்கை ஒன்று பறந்தபடியே வெந்துகொண்டிருந்தது.

என் பக்கத்து மேஜை ராஜமுருகன், பழனியில் சைக்கிள் கடை. அவர் கருவி: படுக்கப்போட்ட சைக்கிள் சக்கரம், அதில் கட்டிய டம்ளர், டம்ளரைச் சுற்றி நனைந்த கோணி, எதிரில் ஒரு டேபிள் ஃபேன்.

"ஏப்பா, ஜூஸைக் குளிப்பாட்டப் போறியா?" என்றேன். நான்கு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு நான் வீட்டுக்குக் கிளம்பியிருக்க வேண்டும்.

எல்லாருக்கும் முப்பத்துநான்கு டிகிரியில் ஜூஸ் ஊற்றினார்கள். பனிராஜா பத்தே நிமிடத்தில் முப்பத்தொன்றுக்கு இறக்கினான். எழுந்து நின்று கை கூப்பினேன். அதன்பிறகு என்ன ஆனது? முப்பத்திரண்டு. முப்பத்துமூன்று. ஃபேன் கொதிக்கும் காற்றை இழுத்துக் கொதிக்கும் பட்டைமேல் ஊதியது. முதுகுச் சூடு தகட்டைத் தாண்டி முன்பக்கமே வந்துவிட்டது. மணி அடித்தபோது முப்பத்தாறு.

நடுவர் தெர்மாமீட்டரை உதறி இன்னொரு முறை பார்த்தார். "ஐயா, இது குளிர வைக்கிற போட்டிங்க. சுட வைக்கிறதுக்கு ஒண்ணு நடத்துனா கண்டிப்பா சொல்லி அனுப்புறோம்."

கோணி இருபத்தாறு. கோப்பை பழனிக்கு.

ராஜமுருகன் வந்து பனிராஜாவின் முதுகைத் தொட்டார், விரலை உதறினார். "நல்ல வேலைப்பாடுண்ணே. ஆனா உங்க ஊருக் குளிர நம்பிக் கட்டிப்புட்டீங்க."

சிரித்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவர் சிரிக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆக, யாருக்கும் குளிர்ச்சி தேவைப்படாத ஊரில் மட்டும் குளிர வைக்கிற கருவி ஒன்றைச் செய்திருக்கிறேன்.

27 பிப்ரவரி, திங்கள்

வீட்டில் சொன்னது: "முடிவு தபால்ல வரும். நடுவருங்களே திகைச்சுப் போய்ட்டாங்க." இரண்டாவது வாக்கியம் சத்தியம்.

மகாராணி என்னையே பார்த்தாள். "சரிங்க மாமா" என்று எழுந்து போனாள்.

3 மார்ச், வெள்ளி

தபால்காரரைக் கண்டால் ஒளிகிறேன். அவர் தன்மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

9 மார்ச், வியாழன்

மகாராணி வாசலிலேயே தைக்க ஆரம்பித்துவிட்டாள். தார்ப்பாய் கட்டியிருக்கிறாள். காற்று அதைத் தூக்கி அடிக்கிறது. காலையில் அவளுக்கு விரல் மடங்குவதில்லை. வாயால் ஊதி ஊதி நூல் கோக்கிறாள். இன்று ஊசி நகத்தில் இறங்கிவிட்டது. வெள்ளைச் சட்டையில் ரத்தம். அவள் கையைப் பார்க்கவில்லை, சட்டையைத்தான் பார்த்தாள். உடனே ஓடிப்போய்த் தண்ணீரில் அலசினாள்.

இதுவரை முடிந்தது ஆறு செட். இந்த வேகத்தில் மே என்ன, தீபாவளிக்கும் ஆகாது. ஆர்டர் போனால் அடுத்த வருடம் கூப்பிட மாட்டார்கள்.

நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்? செத்துப்போன பதினோரு பொட்டிக்கு நடுவுல கதவச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். கதகதன்னு.

10 மார்ச், வெள்ளி

விடிந்ததும் டி.வி.க்களைக் கோழிக் கொட்டகைக்குச் சுமந்தேன். ஏழாவதைத் தூக்கும்போது மகாராணி வந்து மறுமுனையைப் பிடித்தாள்.

"தோத்துட்டேன் மகா. ரெண்டு டிகிரி சூடாக்கிப்புட்டேன்."

"தெரியும்."

"எப்புடி?"

"செயிச்சிருந்தா ஜங்சன்ல எறங்குனதுமே மைக்செட் போட்டிருப்பீங்க. சத்தமில்லாம பின்பக்கமா வந்தீங்க."

"பொறகு ஏன் கேக்கல?"

"கையெழுத்து உங்களோடது. நா வேற எதுக்குக் கேக்கணும்?" பெட்டியைச் சாய்த்தாள். "பாத்து, உங்க பக்கம் கனம்."

பதினொன்றும் போய்ச் சேர்ந்தன. கோழிகள் ஆட்சேபம் தெரிவித்தன.

14 மார்ச், செவ்வாய்

பனிராஜாவைத் தூக்க வந்தேன். மகாராணி, "அது மட்டும் கெடக்கட்டும்" என்றாள்.

30 மே, செவ்வாய்

இருநூறு.

12 ஜூலை, புதன்

மூன்று நாளாக மேகம் தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போகிறவர்கள் பஸ் நம்பர் கேட்கிறார்கள்.

பின்னறையில் இப்போது மூன்று மெஷின். பேத்துப்பாறையிலிருந்து பாண்டியம்மாள் தைக்க வருகிறாள். அடுத்த ஆர்டர் ஸ்வெட்டருக்குக் கழுத்துப்பட்டி. கதவோரம் மூன்றடி எனக்கு. மெஷின்களுக்கு எண்ணெய் விடுவது, பெல்ட் மாற்றுவது, வெட்டிப்பேச்சு பேசுவது, மூன்றுக்கும் நானே தலைமைப் பொறியாளர்.

பனிராஜா நடுவில் நிற்கிறான். முன்பக்கம் சுவருக்கு, முதுகு இவர்களுக்கு. தைக்க உட்காரும் முன் ஒவ்வொருத்தியும் அந்தப் பட்டைகளில் விரலை வைத்து, மடக்கி, நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஊசியைத் தொடுகிறாள். பூனைக்குத்தான் இடம் போன வருத்தம்.

மத்தியானம் தங்கை கடுங்காப்பி கொண்டுவந்தாள். கன்னிவாடிக் கதையை நான் பாண்டியம்மாளுக்கு விரித்துக்கொண்டிருந்ததில் (வெந்த காக்கைகள் இப்போது நாற்பது) காப்பி ஆறிவிட்டது. தங்கை டம்ளரை எடுத்துப் பனிராஜாவின் முதுகில் வைத்தாள்.

சூடானதும் எடுத்துக் குடித்தேன்.